நாலடிச் சிவப்பு வால்

ஏழாம் அத்தியாயம்

சவுந்தரநாயகம் தம்முடைய துப்பறியும் வாழ்க்கையில் அதுவரை மூன்று பேரைச் சந்தேகித்து, மூவரிடமும் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டவர். ஆகவே, முகத்துவாரம் மீன்பிடித் துறையில் கடற்படைக் காவலன் ஒருவன் அவரை ஒரு மணித்தியாலம் வெயிலில் நிறுத்தி, அடையாள அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைசியில் "யன்ன மாத்தயா" என்று கையசைத்து அனுப்பியபோது அவருக்கு அது பெரிய அவமானமாகப் படவில்லை. தொழிலோடு வருகிற சங்கதி.

வெள்ளவத்தையில் பழக்கடை ஒன்றின் மேல்மாடியில் அவருடைய கந்தோர் இருந்தது. அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. மழை பொய்த்து, நாடு முழுவதும் மின்வெட்டு. உதவியாளர் புளோறன்ஸ் பழைய கோப்பு மட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். கொட்டாஞ்சேனைக்காரி, முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். மற்றவர்கள் கதைப்பதைக் கேட்பதற்கு அரசாங்கச் சம்பளம் வாங்கியதாகத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வாள்.

"படகு கிடைச்சுதா சேர்?"

"பின்பக்கம் சிவப்பாய் உள்ள படகு அங்க இல்லை," என்றார் அவர், சப்பாத்தைக் கழற்றியபடி. "நீலம் இருக்கு. பச்சை இருக்கு."

"எட்டங்குலப் படகு?"

சவுந்தரநாயகம் மற்றச் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார்.

"இல்ல, சும்மா கேட்டன். எட்டங்குலப் படகில எத்தினை பேர் இருந்து போகலாம் எண்டு காலமையிலயிருந்து யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

விஷயம் இதுதான். ஒன்பது நாட்களுக்கு முன் ஜெகதீஸ்வரி என்ற அம்மா படியேறி வந்து அழுதார். மகள் அருந்ததிக்குக் கனடாவில் மாப்பிள்ளை. பதிவுத் திருமணம் முடிந்து, விசாவும் கடவுச்சீட்டில் குத்தியாகிவிட்டது. இருபத்திரண்டாம் திகதிக்குள் அவள் அங்கே போய் இறங்க வேண்டும். பிந்தினால் விசா செத்துவிடும். பத்தொன்பதாம் திகதி விமானத்தில் இடம். டிக்கற் எடுத்துத் தருவதாகக் கடவுச்சீட்டை வாங்கிப் போன ஹியூபேட் என்ற பயண ஏற்பாட்டாளரை அதற்குப் பிறகு காணவில்லை. இன்றைக்குத் திகதி பதினாறு.

ஹியூபேட் தங்கியிருந்த லொட்ஜ் அறையைச் சவுந்தரநாயகம் சோதித்தார். உடுப்புகள் அப்படியே கிடந்தன. தலையணைக்குக் கீழே ஒரு துண்டுக் கடதாசி. அதில் நான்கு வரி:

சிவப்பு வால் - 4 அடி - வாய் பெரிசு.
மண்வெட்டி மூக்கு - 3 அடி - துள்ளும்.
சப்பி - ஒன்றரை அடி - சாது.
முள்ளன் - 8 அங்குலம் - சத்தம் போடும்.

இருபத்தாறு வருடம் காப்புறுதிக் கம்பனியில் எரிந்த கடைகளையும் நெளிந்த கார்களையும் பார்த்துப் பழகிய மூளை, இது ஆட்கடத்தல் படகுகளின் குறிப்பு என்று ஒரே இரவில் முடிவு கட்டிவிட்டது. வால் என்றால் படகின் பின்புறம். அடி என்றால் நீருக்குள் தாழும் ஆழம். துள்ளும் என்றால் அலைக்கு ஆடும். எட்டங்குலம் மட்டும் கொஞ்சம் இடித்தது. அதை அவர் கண்டும் காணாமல் விட்டார்.

"சேர், இந்தத் துண்டைத் திருப்பிப் பாத்தனீங்களா?" என்று கேட்டாள் புளோறன்ஸ்.

"திரும்பத் திரும்பப் பாத்தனான். மனப்பாடம்."

"திரும்பத் திரும்ப இல்ல சேர். திருப்பி."

அவள் கடதாசியை மறுபக்கம் புரட்டி மேசையில் வைத்தாள். ஊதா மையில் ரப்பர் முத்திரை. வாய் பிளந்த ஒரு மீன். அதன் கீழே, தாஸிம் அக்குவேரியம், காலி வீதி, வெள்ளவத்தை.

"எங்கட கந்தோரிலயிருந்து ஆறு கடை தள்ளி," என்றாள் அவள். "சப்பாத்தைப் போடுங்கோ. மீன் வாங்கப் போவம்."

*

கடைக்குள் இருட்டும் ஈரமும் பாசி வாசமுமாக இருந்தது. அறுபது வயதுக்காரர் ஒருவர் ஸ்டூலில் ஏறி நின்று, பெரிய ஜக்கால் தொட்டித் தண்ணீரை அள்ளி, உயரத்திலிருந்து திரும்ப அதற்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கரண்ட் இல்ல. காத்து மோட்டர் நிக்கிது," என்றார் அவர், திரும்பிப் பாராமலே. "நாலு மணி மட்டும் நான்தான் மோட்டர். செல்லுங்க, எனா வேணும்?"

அவர்தான் தாஸிம். சவுந்தரநாயகம் தொண்டையைச் செருமினார். துப்பறிவாளன் தன்னை வெளிக்காட்டக் கூடாது என்பது அவருடைய கொள்கை. தொட்டிகளுக்கு மேலே 'தென்னமெரிக்கக் கெளுத்தி' என்று எழுதியிருந்ததை ஓரக்கண்ணால் வாசித்துக்கொண்டார்.

"வீட்டுத் தொட்டிக்கு ஒரு கெளுத்தி. பெரிசு. தென்னமெரிக்கச் சாதி இருந்தா நல்லது."

"தொட்டி எத்தின அடி?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "ரெண்டு," என்றார், சும்மா ஒரு இலக்கமாக.

தாஸிம் ஜக்கை வைத்துவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினார். "ரெண்டடியா? அதுக்குள்ள ஒங்கட கையக் கழுவலாம். கெளுத்தி வளக்க ஏலா."

பிறகு அவர், தொட்டி தொட்டியாகக் கூட்டிப் போய்க் காட்டினார். முதலில் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடந்த கறுப்பு மீன். "இது சப்பி. பாசி தின்னும். சாது. ஒண்டரை அடி வளரும். ஆனா, பாத்துக்கொண்டிருந்தா ஒங்களுக்கு நித்திரை வரும்." அடுத்தது, மூக்கு மண்வெட்டி போல் தட்டையான, வரிவரியான மீன். "இவர் மூணடி. பயந்தாங்கொள்ளி. லைட்டப் போட்டா துள்ளி, மூக்க ஒடச்சுக்குவார்." மூலையில் கல்லிடுக்கில் ஒளிந்திருந்த முள்ளன், பிடித்தால் கிரீச்சென்று கத்துமாம்.

துண்டுக் கடதாசியின் நான்கு வரியும் உயிரோடு நீந்திப் போவதைச் சவுந்தரநாயகம் பார்த்துக்கொண்டே போனார். முகத்துவாரத்து வெயில் ஞாபகத்துக்கு வந்தது. கழுத்து சுட்டது.

கடைசித் தொட்டியில் மூன்றங்குலக் குட்டி ஒன்று. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, வால் செம்பருத்திச் சிவப்பு. வெள்ளை மீசையை ஆட்டிக்கொண்டு, வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்கு வந்த பையனைப் போல் மரியாதையாக அவரைப் பார்த்தது. அந்தக் கணத்தில் அருந்ததியின் கடவுச்சீட்டு, விசா, இருபத்திரண்டாம் திகதி எல்லாம் அவர் மனதை விட்டுப் போயின. கந்தோர் மேசையில் இது இருந்தால் எப்படியிருக்கும்!

"இது என்ன விலை?"

புளோறன்ஸ் அவருடைய விலாவில் முழங்கையால் இடித்தாள்.

"இத ஒங்களுக்குத் தரமாட்டன்," என்றார் தாஸிம். "எல்லாரும் குட்டியப் பாத்துத்தான் ஆசப்படுறாங்க. வளந்ததப் பாத்து எடுக்கோணும் மிஸ்டர். இவர் நாலடி போவார். கூட என்ன மீன் ஈக்குது எண்டு பாக்கோணும். இவரிட வாய்க்குள்ள போறதெல்லாம் இவருக்குச் சாப்பாடு. ராவைக்குச் சின்ன மீன் இருபது விட்டா, சுபஹுக்கு ஒண்டும் ஈக்காது. மீன் மட்டுமில்ல. கல்லு முழுங்குவார். எனக்கிட்ட ஒருத்தர் தெர்மோமீட்டரே முழுங்கினார்."

"வளந்தது ஒண்டு விக்கிறதுக்கு இருந்தா பாக்கலாம்," என்றாள் புளோறன்ஸ்.

"ஈந்திச்சு, ரெண்டடியில ஒண்டு. இந்த லேன்ல ஒரு குடும்பம் வெளிநாடு போகக்குள்ள ஆறடித் தொட்டியோட கொண்டாந்து தந்துட்டுப் போச்சு. எல்லாரும் போறாங்க, மீனுக்குத்தான் விசா இல்ல. ரெண்டு மாசத்துக்கு முந்தி ஹியூபேட் எண்டு ஒருத்தர் வந்து எடுத்தார். வித்தியாசமான ஆள். நெறத்தக் கேக்கல்ல, வெலையக் கேக்கல்ல. எந்த மீனக் கண்டா ஒருத்தரும் தொட்டிக்குள்ள கை வைக்கமாட்டாங்க எண்டு கேட்டார். இவர்தான் எண்டன்."

"வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கும்," என்று சவுந்தரநாயகம் தம் முடிவை வெளியிட்டார். "கையை விட்டு அளைவினம் எண்டு பயம்."

புளோறன்ஸ் கூரையைப் பார்த்தாள்.

"தொட்டியை நானே லொறியில கொண்டு போனன்," என்றார் தாஸிம். "கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி. அவர்ட தாத்தாட ஊடு, நீங்க அக்கா எண்டுறது. கீழ தையல் மெஷின் ஈக்கும். ஆறு பேர் தூக்கி மேல்மாடிக்கு ஏத்தினம். எண்ட முதுகு இன்னும் நோகுது."

*

பஸ்ஸை இரண்டு இடத்தில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். இரண்டு இடத்திலும் சவுந்தரநாயகத்தின் நாக்கில் சிங்களம் வற்றிப்போக, புளோறன்ஸ் முன்னால் நின்று "மல்லி, மே அப்பே சேர்", தம்பி, இவர் எங்கட சேர், என்று ஆரம்பித்து, காவலனின் ஊர், தாயின் வருத்தம் எல்லாம் விசாரித்து முடித்தாள். பெரிய தொட்டி இருக்கும் வீட்டை ஒளிக்க முடியாது என்று வழிநெடுகச் சவுந்தரநாயகம் விளக்கினார். மனிதன் பேரை மாற்றலாம், மீசையை எடுக்கலாம். இரண்டடி மீனைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு ஓட முடியுமா? இந்தத் தர்க்கம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. மூன்று முறை சொன்னார்.

தையல் மெஷின் சத்தத்தை வைத்தே வீட்டைப் பிடித்துவிட்டார்கள். ஹியூபேட்டின் அக்கா அருள்நாயகி, கழுத்தில் அளவு நாடாவுடன் கதவைப் பாதி திறந்தாள்.

"தம்பி இத்தாலிக்குப் போயிட்டான். மூண்டு கிழமையாகுது. ஒரு கடிதமும் இல்ல."

முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில், மூன்றடித் தொட்டி ஒன்று இருந்தது. அதற்குள் சிவப்பு வால். இரண்டடி உடம்பை வளைத்து, சின்னக் கட்டிலில் படுத்த பெரிய மனிதனைப் போல் கிடந்தது. அதன் முகத்துக்கு முன்னாலும் முதுகுக்கு மேலும் கப்பி மீன்கள் நிறம் நிறமாகக் கூட்டமாக நீந்தின.

"இது?"

"தம்பிட மீன். போகேக்க எனக்குத் தந்திட்டுப் போனவன். அண்டையிலயிருந்து இதுக்குள்ளதான் நிக்குது. பெரிய தொட்டியை வித்துப்போட்டன், ஐயா."

அவள் கண்ணில் நீர் நின்றது. பொய் சொல்கிறவர்கள் இப்படி அழமாட்டார்கள் என்பது சவுந்தரநாயகத்தின் கணிப்பு. (முன்பு அவர் மன்னிப்புக் கேட்ட மூன்று பேரில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு உண்மை பேசியவர்கள்.) அவர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

தெருமுனைத் தேத்தண்ணிக் கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மணி இரண்டு. அவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, "ஆள் நாட்டை விட்டு வெளியேறிவிட்டார்" என்று எழுதினார். ஜெகதீஸ்வரியிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி நிமிர்ந்தார். எதிரே புளோறன்ஸ் மீன் அடைத்த மாலு பணிஸ் ஒன்றை எடுத்தாள். ஒரு கடி. இன்னொரு கடி. பணிஸ் இல்லை.

அவர் பேனையை வைத்தார்.

"புளோறன்ஸ், அதை எத்தினை கடியில முடிச்சீர்?"

"ரெண்டு. பசி சேர். கணக்குப் பாக்கிறீங்களா?"

"உமக்கு முன்னால இருபது மாலு பணிஸை வைச்சு, மூண்டு கிழமை ஒரு அறைக்குள்ள பூட்டி விட்டா?"

அவள் மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினாள். "அடுத்த நாள் ஒண்டும் மிஞ்சாது."

"தாஸிம் என்ன சொன்னவர்? வாய்க்குள்ள போறதெல்லாம் சாப்பாடு. அந்தக் கப்பியள் ஒவ்வொண்டும் அரை விரல் பெரிசு. அந்த மீன் மூண்டு கிழமையாய் அதுக்குள்ள நிக்கேல்லை. நேற்று இரவும் நிக்கேல்லை. இண்டைக்குக் காலமைதான் மேலயிருந்து கொண்டு வந்து விட்டிருக்கினம். ஆறடித் தொட்டி விக்கப்படேல்லை. மேலதான் இருக்கு. ஆரோ அதை வெறுமையாக்கியிருக்கினம்."

புளோறன்ஸ் எழுந்து நின்றாள். "சேர்," என்றாள், முதல் முறையாகக் கிண்டல் இல்லாமல். "இது நல்லாயிருக்கு."

அவர் உயரம் இரண்டங்குலம் கூடியது. தேத்தண்ணிக் காசை மறந்துவிட்டு நடந்தவரைக் கடைக்காரன் கூப்பிட்டு நிறுத்தினான்.

*

இரண்டாம் முறை கதவைத் தட்டியதும் தையல் மெஷின் நின்றது. "அம்மா, மேல இருக்கிறவரோட கதைக்கோணும்," என்றார் சவுந்தரநாயகம். அருள்நாயகி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, திரும்பவும் அவனைக் கொண்டு போகாதீங்க. நேத்துத்தான் விட்டாங்க."

தாம் சிஐடிக்காரன் என்று நினைக்கப்பட்டதில் அவருக்கு ஒரு விநாடி பெருமை வந்தது. அடுத்த விநாடியே அதற்காக வெட்கப்பட்டார். புளோறன்ஸ் அவளுடைய கையைப் பிடித்து, "அக்கா, நான் இந்தக் கொட்டாஞ்சேனைதான். கோயிலுக்குப் பின்னால வீடு. எங்களுக்குப் பயப்பட வேணாம்," என்றாள்.

மேல்மாடியில் ஆறடித் தொட்டி தண்ணீரின்றி நின்றது. அதன் பக்கத்தில் ஒரு மனிதன் முழங்காலில் இருந்து, அரிதட்டில் கூழாங்கற்களை அள்ளி அள்ளிச் சலித்துக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும். தாடி வளர்ந்து, ஒரு கண் வீங்கிக் கறுத்திருந்தது. அவர்களைக் கண்டதும் கையிரண்டையும் தானாகவே தலைக்கு மேல் தூக்கினான். பழகிவிட்ட அசைவு.

"கையைக் கீழ விடுங்கோ, தம்பி," என்றார் சவுந்தரநாயகம். "நான் அருந்ததியின்ர ஆள்."

ஹியூபேட் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கதை துண்டு துண்டாக வந்தது. டிக்கற் வேலை முடிந்த கிழமை லொட்ஜுகளில் சுற்றிவளைப்பு. வேறொருவருடைய கடவுச்சீட்டு கையில் இருப்பதைக் கண்டால் கேள்வியே இல்லை, உள்ளேதான். ஆகவே அதைச் சோற்றுப் பொதி கட்டும் பிளாஸ்டிக் லஞ்ச் ஷீற்றில் சுருட்டி, மெழுகால் அடைத்து, அக்கா வீட்டுத் தொட்டியின் அடியில் கல்லுக்குள் புதைத்தான். இந்த மாதிரி நேரங்களுக்கென்றே வாங்கிய மீன் அது. அடுத்த நாளே ஒரு சோதனைச் சாவடியில் அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கி அடைத்துவிட்டார்கள். பன்னிரண்டு நாள்.

"நாலாம் நாள் விடுறதாத்தான் இருந்தது. பையில ஒண்டும் இல்லைத்தானே. இன்ஸ்பெக்டர் கையெழுத்து வைக்கப் போனவர். அப்பதான் எனக்கு எதிரா ஒரு கடிதம் வந்தது. நான் பாஸ்போட் கள்ளன் எண்டு. இங்கிலீசில. இன்ஸ்பெக்டர் அதை ரெண்டு முறை சத்தமாப் படிச்சவர். 'அப்பாவிகளின் கண்ணீர்க் குளத்தில் நீந்தும் முதலை' எண்டு ஒரு வசனம். இப்பவும் இப்பிடி எழுத ஆக்கள் இருக்கினமா எண்டு கேட்டவர். பிறகு கையெழுத்து வைக்கேல்லை."

புளோறன்ஸ் மெதுவாகத் தலையைத் திருப்பிச் சவுந்தரநாயகத்தைப் பார்த்தாள். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் அவள். "முதலை வேணுமா சேர்?" என்று அன்றைக்குக் கேட்டவளும் அவள்தான். வழக்கை எடுத்த முதல் நாள், ஜெகதீஸ்வரியின் சார்பில், ஒரே மூச்சில் அவர் எழுதியது. அந்த வசனம் வந்து விழுந்தபோது எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்ததும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

ஒன்பது நாள் அவர் தேடிய ஆளை, ஒன்பது நாளும் அவரே உள்ளே வைத்திருந்திருக்கிறார்.

குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து, அரிதட்டில் திரும்ப வைத்தார்.

"இப்ப பாருங்கோ," என்று ஹியூபேட் அரிதட்டைத் தள்ளினான். "காலமையிலயிருந்து கல்லு முழுக்கச் சலிச்சிட்டன். சுருள் இல்ல. மூண்டு நாளில அந்தப் பிள்ளை ஏறோணும். நான் என்னெண்டு அவையின்ர முகத்தில முழிப்பன்?"

துப்பறிய ஒரு விஷயம் கிடைத்ததும் சவுந்தரநாயகம் அதற்குள் ஓடி ஒளிந்தார். அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பன்னிரண்டு நாளில் இந்த மாடிக்கு வந்தவர்கள் யார் யார்? தண்ணீர்க் குழாய் திருத்த வந்தவனா? மின்சார மீற்றர் பார்க்க வந்தவனா? அக்கா தைத்துக் கொடுக்கும் வீட்டுக்காரர்களில் யாருக்காவது கனடா ஆசை உண்டா? நாலாவது மன்னிப்புக்குத் தகுதியான ஒருவரை அவர் கிட்டத்தட்டத் தெரிவு செய்துவிட்ட நேரம், கீழேயிருந்து புளோறன்ஸின் குரல் வந்தது.

"சேர்! ஒருக்கா இறங்கி வாங்கோ."

அவள் மூன்றடித் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இதுக்குள்ள எத்தினை கப்பி விட்டிருந்தீங்க?"

"இருபத்திரண்டு."

"எத்தினை மணிக்கு இந்தப் பெரியவரைக் கொண்டு வந்து விட்டீங்க?"

"காலமை ஆறு மணி."

"இப்ப மூண்டு. ஒம்பது மணித்தியாலம். நான் நாலு முறை எண்ணிட்டன் சேர். இருபத்திரண்டு. ஒண்டு குறையேல்ல." அவள் கண்ணாடியில் விரலால் தட்டினாள். ஒரு கப்பி சிவப்பு வாலின் மீசையை உரசிக்கொண்டு போனது. மீன் வாயைத் திறக்கக்கூட இல்லை. "இவ்வளவு பணிஸ் முகத்துக்கு முன்னால போகேக்க, ஒருத்தர் ஏன் சும்மா இருக்கிறார்?"

சவுந்தரநாயகம் மீனைப் பார்த்தார். வெள்ளை வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் நீளமாகப் புடைத்திருந்தது.

"வயிறு நிறைஞ்சிருக்கு," என்றார்.

"ஓம் சேர். கனடா விசாவால."

*

முனையிலிருந்த கொமியூனிக்கேஷன் கடைக்கு ஓடி, புளோறன்ஸ் தாஸிமுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் கூறிய வழி சுலபமாக இருந்தது: பழைய தண்ணீரில் பாதி நிறைந்த பெரிய பேசின், மீனை ஈரத் துணியால் பிடித்து அதற்குள் மாற்ற வேண்டும், பயந்தால் அதுவே கக்கிவிடும், கையை வாய்க்குள் விடக் கூடாது, இன்றைக்கே எடுக்காவிட்டால் மீன் செத்துப்போகும். "செத்தா எனக்குச் செல்லாதீங்க," என்று கூறி அவர் வைத்துவிட்டார்.

மீனைப் பிடிக்கும் பொறுப்பைச் சவுந்தரநாயகம் தாமே கேட்டு வாங்கினார். ஏதாவது ஒரு தண்டனை வேண்டும் என்று அவருடைய மனது கேட்டுக்கொண்டிருந்தது. மீன் தாராளமாகவே தந்தது. முதல் வீச்சில் மூக்குக் கண்ணாடி தையல் மெஷினுக்குக் கீழே போனது. இரண்டாம் வீச்சு இடது கன்னத்தில். அவர் பிடியை விடாமல் பின்னால் சாய, ஈரத் தரை வழுக்கியது. மீனை நெஞ்சோடு அணைத்தபடி, அருள்நாயகி தைத்து அடுக்கியிருந்த சட்டைகளுக்கு நடுவில் விழுந்தார்.

"பேசினுக்குள்ள சேர், பேசினுக்குள்ள! மடியில வைச்சுத் தாலாட்டாதீங்க!"

ஹியூபேட்டும் அக்காவும் சேர்ந்து தூக்கிப் பேசினுக்குள் விட்டார்கள். மீன் ஒருமுறை சுழன்றது. உடம்பு முழுவதும் ஒரு நடுக்கம். பிறகு அந்தப் பெரிய வாய் மெதுவாகத் திறந்து, முதலில் மூன்று கூழாங்கற்கள் விழுந்தன; பின்னால் சுருட்டுப் போல் ஒரு வெள்ளைச் சுருள், தண்ணீரில் மிதந்து வந்தது.

யாரும் அதைத் தொடவில்லை. கடைசியில் அருள்நாயகி சேலைத் தலைப்பால் எடுத்து, கத்தரிக்கோலால் மெழுகை வெட்டினாள். எட்டுச் சுற்று லஞ்ச் ஷீற். உள்ளே கடவுச்சீட்டு. மட்டையின் ஒரு மூலை மட்டும் ஊறியிருந்தது. விசாப் பக்கம் காய்ந்த சருகு போல் இருந்தது. அருந்ததி படத்தில் கொஞ்சம் கோபமாகப் பார்த்தாள்.

"இதைச் சப்பாத்துக்குள்ள வைச்சு வெள்ளவத்தைக்கு..." என்று சவுந்தரநாயகம் தொடங்கினார்.

"ரெண்டு சாவடி சேர். வேற ஆளின்ர பாஸ்போட். உங்களையும் தேடி நான் கடிதம் எழுதோணுமா?" என்றாள் புளோறன்ஸ். "பிள்ளையை இங்க வரச் சொன்னனான். தன்ர பாஸ்போட்டைத் தன்ர பைக்குள்ள கொண்டு போறது குற்றமில்லைத்தானே."

ஐந்தரைக்குத் தாயும் மகளும் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார்கள். ஜெகதீஸ்வரி வாசலிலேயே ஆரம்பித்தார். "எங்க அந்தக் கள்ளன்? என்ர பிள்ளையின்ர வாழ்க்கையோட..." ஹியூபேட் படியில் இறங்கி வந்தான். அவனுடைய கண்ணையும் மணிக்கட்டுத் தழும்பையும் கண்டதும் அவர் குரல் நடுவழியில் நின்றது. யாரும் விளக்கவில்லை. அந்த ஊரில் அந்த வருடத்தில் அதை விளக்கத் தேவையில்லை. அருந்ததி கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு, "அண்ணை, இதுக்காகவோ?" என்று கேட்டாள். அவன் இல்லையென்று தலையாட்டினான். ஜெகதீஸ்வரி கைப்பையை மூடி மூடித் திறந்தார். பிறகு அவனுடைய கையை எடுத்து, தம் இரண்டு கைக்குள்ளும் பிடித்துவிட்டுப் போனார்.

மீன் ஆறடித் தொட்டிக்குத் திரும்பியது. சவுந்தரநாயகம் ஈரச் சட்டையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். போய்விடலாம். கடிதத்தின் கையெழுத்தை இன்ஸ்பெக்டர் ஹியூபேட்டுக்குக் காட்டவில்லை. ஜெகதீஸ்வரியும் ஒன்றும் சொல்லவில்லை. புளோறன்ஸ் கதவடியில் குடையோடு நின்றாள், அவரை அவசரப்படுத்தவில்லை.

"தம்பி," என்றார். "அந்தக் கடிதம் நான் எழுதினது."

ஹியூபேட் அவரைத் திரும்பிப் பார்த்தான். வீதியில் ஒரு பாண்காரனின் மணி கேட்டு ஓய்ந்தது.

"நல்ல இங்கிலீசு, ஐயா," என்றான்.

சவுந்தரநாயகம் தலையைக் குனிந்தார். வைதிருந்தால் தாங்கியிருப்பார்.

"என்னை விட்டவங்கள், அடையாள அட்டையைத் தரேல்லை," என்றான் ஹியூபேட். "பிறகு வா எண்டாங்கள். திரும்ப அந்தப் படியேற எனக்குக் கால் வராது. அட்டை இல்லாம இந்த வாசலைத் தாண்டவும் ஏலாது. அதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. சின்னதா."

தையல் மேசையில் வைத்து எழுதினார். மூன்று வரி. புளோறன்ஸ் வாசித்து, இரண்டாம் வரியில் ஒரு சொல்லை வெட்டினாள். அவர் மறுத்துப் பேசவில்லை. ஆனால் கடிதத்தை அவர்களிடம் கொடுக்காமல் மடித்துத் தம் பொக்கற்றுக்குள் வைத்தார்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அந்தப் பொலிஸ் நிலையத்து மர வாங்கில் போய் உட்கார்ந்தார். பத்தரைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கடிதத்தை வாசித்துவிட்டு, அவரை ஏற இறங்கப் பார்த்து, அந்த ஆளுக்கு நீ யார் என்று சிங்களத்தில் கேட்டார். சவுந்தரநாயகத்தின் விரல்கள் பழக்கத்தில் விசிட்டிங் காட்டைத் தொட்டன. தனியார் துப்பறிவாளர் என்று பொன்னெழுத்தில் அச்சடித்தது. அதை எடுக்கவில்லை.

"யாளுவா," என்றார். நண்பன். சரியாக உச்சரித்தாரோ தெரியாது.

இன்னும் இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். அவருடைய பெயர், விலாசம், வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் தடித்த கொப்பியில் ஏறியது. ஒரு மணிக்கு அட்டை கைக்கு வந்தது.

ஹியூபேட் அதை வாங்கி, படத்தைப் பார்த்து, சட்டைப் பொக்கற்றில் போட்டுப் பொத்தானைப் பூட்டினான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, ஒருவரையும் துணைக்குக் கூப்பிடாமல், ஜம்பட்டா வீதியில் இறங்கி, முனைவரைக்கும் நடந்து போனான்.